இருபது வாட்டுக்குக் கீழே

திருகோணமலை லிங்கநகரில் இருட்டிவிட்டால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நீலம், பச்சை, ஊதா, ஓடுகிற வெளிச்சம், துடிக்கிற வெளிச்சம், சில்லுக்குள் சுற்றுகிற வெளிச்சம் என்று ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் கோணேசர் நகர்வலத்துக்குச் சோடித்த வாகனம்போலப் போகிறது. முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் ஒன்று சாத்திரியிடம் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சிக்னல் லைட் இல்லாத குறையா என்றால் அதுவும் இல்லை. எல்லோரிடமும் இருக்கிறது. கம்பனி பூட்டி அனுப்பிய பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு எல்.ஈ.டி. பூட்டியிருக்கிறார்கள். பூட்டியதில் மூன்று சாதி உண்டு. முதலாவது, ஸ்விச்சைத் தள்ளியதும் பத்தும், பத்தினபடியே நிற்கும், மின்னாது. பின்னால் வருகிற லொறிக்காரர் அதைச் சோடனை என்று நினைப்பார். அவர் நினைப்பதில் பிழையும் இல்லை. இரண்டாவது, பேய் பிடித்ததுபோலப் படபடவென்று அடிக்கும். மூன்றாவதுதான் உத்தமம். வலப்பக்கம் போட்டால் நாலு லைட்டும் சேர்ந்து மின்னும். இடமும் திரும்புகிறேன், வலமும் திரும்புகிறேன், விரும்பினால் நேரேயும் போவேன், பின்னால் வருகிறவர்கள் தங்கள் தங்கள் விதிப்படி நடந்துகொள்ளலாம் என்று அதற்குப் பொருள்.

இந்த மூன்று வியாதிக்கும் காரணம் சீட்டுக்குக் கீழே, விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்னப் பெட்டி. ரிலே. லைட்டை மாற்றியவர்கள் இதை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? ரிலே வெளியே தெரியாது. வெளியே தெரியாத பொருளுக்கு லிங்கநகரில் மட்டுமல்ல, கொழும்பிலும் ஒருவரும் காசு செலவழிப்பதில்லை.

அந்தப் பெட்டி வேலைசெய்யும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். பின்னால் அது தேவைப்படும். நமது ஊரில் ஓடுகிற சாதாரண மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சிக்னலுக்குள்ளும் 10 வாட் பல்ப் ஒன்று இருக்கும். ஒரு பக்கத்துக்கு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஆக 20 வாட். 12 வோல்ற் பற்றரியிலிருந்து அது ஒன்றரை அம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக இழுக்கும். பழைய ரிலேக்குள் இரட்டை உலோகத் தகடு இருக்கிறது. அந்த மின்சாரம் பாய்ந்தால் தகடு சூடாகும், சூடானால் வளையும், வளைந்தால் தொடுகை விட்டுப்போய் லைட் அணையும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி தொடும், லைட் பத்தும். மின்னுவது என்பது இவ்வளவுதான். சுமை இருந்தால் சூடு, சூடு இருந்தால் அசைவு.

எல்.ஈ.டி.க்கு ஒரு வாட், மிஞ்சினால் இரண்டு வாட் போதும். அந்தச் சொட்டு மின்சாரத்துக்குத் தகடு சூடாகவே மாட்டாது. சூடாகாத தகடு வளையாது. லைட் பத்தினபடி நிற்கிறது. முதலாவது சாதி இது.

இரண்டாவது சாதியில் இருப்பது இலத்திரனியல் ரிலே. அதைச் செய்தவர்கள் புத்திசாலிகள். ஒரு பல்ப் எரிந்துபோனால் சுமை குறையும், குறைந்ததும் ரிலே வேகமாக அடித்து ஓட்டுகிறவருக்குச் செய்தி சொல்லும். அப்படிப்பட்ட ரிலேயில் எல்.ஈ.டி. பூட்டினால், பல்ப் எல்லாம் செத்துப்போயிற்று என்று அது முடிவுகட்டிப் பதறுகிறது. ஒரு தகரப் பெட்டிக்காவது, தன் பொறுப்பிலிருந்தவர்கள் செத்துவிட்டார்கள் என்று பதறத் தெரிந்திருக்கிறது. நல்ல பெட்டி.

மூன்றாவதுக்குக் காரணம் மீற்றரில் இருக்கும் ஒற்றைச் சிக்னல் பல்ப். பல மலிவு மொடல்களில் இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே பல்ப்தான். அது இரண்டு பக்க வயர்களுக்கும் நடுவில் தொங்குகிறது. வலப்பக்கம் போட்டால், மின்சாரம் அந்தப் பல்பினூடாக இடப்பக்கத்துப் பல்ப் வழியே பூமிக்குப் போகும். அந்தக் கொஞ்ச மின்சாரத்தில் 10 வாட் பல்ப் பத்தாது. எல்.ஈ.டி.க்கோ அந்தக் கொஞ்சமே விருந்து. ஆகவே எதிர்ப்பக்கமும் சேர்ந்து மின்னும். மருந்து மிகச் சாதாரணம். இடம், வலம் இரண்டு வயரிலும் ஒவ்வொரு 1என்4007 டயோட் போட்டு, இரண்டையும் மீற்றர் பல்பின் ஒரு காலில் சேர்த்து, மற்றக் காலைப் பூமியில் கட்டவேண்டும். ஒரு பிளேன்ரீ குடிக்கிற செலவு.

முதல் இரண்டுக்கும் மருந்து அதைவிடச் சுலபம். சுமையைப் பார்க்காமல், தானே நேரத்தை எண்ணி மின்னுகிற ரிலே விற்கிறார்கள். மூன்று கால் இருக்கும்: பற்றரிக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று. பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகி, பூமி வயரை வெறும் இரும்பில் இறுக்கினால் வேலை முடிந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் வாகன ஒழுங்குவிதிகள் கேட்பதும் சீரான மின்னலையே: நிமிடத்துக்கு 90 தடவை, முப்பது கூடலாம், முப்பது குறையலாம்.

ஆனால் நடப்பது என்ன? கராஜில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

“தம்பி, லைட் பத்துது, மின்னுதில்லையே.”

“அது எல்.ஈ.டி. அண்ணை. அப்பிடித்தான் நிக்கும்.”

“அப்பிடி நிண்டா பின்னால வாறவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“நல்ல வெளிச்சம் அண்ணை. தூரத்திலயே தெரியும்.”

தூரத்தில் தெரியும். பைக் இருக்கிறது என்பது தெரியும். திரும்பப் போகிறது என்பது தெரியாது. அண்ணைமார் நாங்கள் இதற்கும் தலையாட்டி, காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மல்லுக்கட்டி நிற்கிற அண்ணைக்கு இன்னொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: ரெசிஸ்ரர். 10 ஓம் ரெசிஸ்ரர் ஒன்றை லைட்டுக்குப் பக்கத்தில் சேர்த்துக் கட்டினால் அது 14 வாட்டை இழுத்துக்கொள்ளும். பழைய ரிலே ஏமாந்து மின்னத் தொடங்கும். இழுத்த 14 வாட்டும் சூடாகத்தான் வெளியேறவேண்டும். அதை வயர்க் கட்டோடு சேர்த்து ரேப் சுற்றி, பிளாஸ்ரிக் மூடிக்குள் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் ரேப் உருகும், பிறகு வயர் உருகும். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க எல்.ஈ.டி., மிச்சம்பிடித்ததைச் சுட்டுத்தள்ள ரெசிஸ்ரர். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் கொஞ்சக் காலம் திறைசேரியில் வேலைசெய்திருக்கவேண்டும்.

எல்.ஈ.டி. வந்த பெட்டியில் எழுதியிருப்பது இன்னொரு காவியம். தண்ணீர் புகாது, 50,000 மணித்தியாலம் எரியும், கண்ணைப் பறிக்கும். இது கடற்கரை ஊர். ஐப்பசியில் வாடைக்காற்று மழை இறங்கினால் தை வரைக்கும் நனைவோம். அதற்குமேல் காற்றில் உப்பு. ஈயம் வைக்காமல் முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு அடுத்த மாரிக்குள் பச்சையாய்ப் பூத்துவிடும். அப்போது ஐம்பதாயிரம் மணித்தியாலம் எங்கே போயிற்று என்று கேட்க, பெட்டியில் ஒரு விலாசமும் இராது. பகலிலோ வேறு கதை. பத்துமணி வெயிலில், நேர்பின்னால் நிற்கிறவருக்கு மட்டும் தெரிகிற ஊசிக்கண் வெளிச்சம், சந்தியில் பக்கவாட்டில் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. பழைய பல்பின் அசிங்கமான மஞ்சள் மூடி வெளிச்சத்தை நாலாபக்கமும் பரப்பியது. அது அழகில்லை என்று கழற்றினோம்.

பொடியன்மாரின் பவிசுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் காருக்குள்ளிருந்து. நானும் பவிசை மெச்சவில்லை. ஆனால் பவிசு மட்டும்தானா?

2020ஆம் ஆண்டு டொலரைக் காப்பாற்றுகிறோம் என்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் டொலர் காப்பாற்றப்பட்டதா என்றால், 2022இல் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 ரூபாய்க்கு அது தாவ, நாடு கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்ததுதான் மிச்சம். புது பைக் வாங்க வழியில்லை. இருந்த கிழட்டு பைக்கை வெட்டி ஒட்டி ஓட்டினோம். உடைந்த சிக்னலுக்குக் கம்பனிப் பொருள் தேடினால் கிடையாது, கிடைத்தால் விலை கண்ணைக் கட்டும். கடையில் தொங்குவது பெயரில்லாத எல்.ஈ.டி. சோடி. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். மின்னாத லைட்டுக்கும் 18 வீதம்தான். மின்னுகிற லைட்டுக்கும் 18 வீதம்தான். அரசாங்கத்துக்கு அந்த விஷயத்தில் பாரபட்சம் இல்லை.

இதையெல்லாம் நாங்கள் எங்கிருந்து அனுபவிக்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். உலகத்தின் மிகப்பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரர் ஆகாயத்தால் தேடிவந்து குண்டுபோட்ட துறைமுகம். இன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் கோதுமை இறங்குகிறது, சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சரக்கு இறங்குகிறது. ஐந்து விரலுக்குள் அடங்குகிற ரிலே கொழும்பில் இறங்கி 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏறி வரவேண்டும். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகளில் மிஞ்சியவை 99. 2022 ஜனவரி 6ஆம் திகதி அவற்றை 14, 24, 61 என்று லங்கா ஐ.ஓ.சி.க்கும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இரண்டும் சேர்ந்த கம்பனிக்குமாகப் பங்குபோட்டுக் கையெழுத்து வைத்தார்கள். அந்த வருஷம் முடியுமுன்னரே, தாங்கிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள் கியூ.ஆர். குறியைக் கையில் பிடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் சிக்னல் தேவைப்படவில்லை. ஒருவரும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

சரி, சட்டம் என்ன செய்கிறது? சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். அது உறங்குகிறது என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கொரு முறை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். அதற்குக் காப்புறுதி வேண்டும். புகைச் சான்றிதழும் வேண்டும். புகைச் சான்றிதழுக்கு பைக்கைக் கொண்டுபோய் நிறுத்தினால், புகைக்குழாய்க்குள் கருவியை விட்டு வாயுவை அளந்து, கம்பியூட்டரில் அடித்து, காசு வாங்கி, கடதாசி தருகிறார்கள். பைக் அங்கே நிற்கிறது. ஆள் அங்கே நிற்கிறார். சிக்னலை ஒருதடவை போடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லமாட்டார்கள். அது அவர்களுடைய வேலை இல்லை. பஸ்ஸிடமும் லொறியிடமும் தகுதிச் சான்றிதழ் கேட்கிற சட்டம், இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேலான மோட்டார் சைக்கிள்களிடம் அதைக் கேட்பதில்லை. எங்கள் புகை தேசத்தின் கவலை. எங்கள் உயிர் எங்கள் சொந்த விவகாரம்.

சந்தியில் மறிக்கிற பொலிஸாரும் அப்படித்தான். லைசன்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட், பின்னால் இருப்பவரின் ஹெல்மெட். ஊதா லைட் கண்ணில் பட்டால் அதற்குத் தண்டம் எழுதுவார்கள். பெரும்பாலும் சிங்களத்தில் எழுதுவார்கள், ஏனென்றால் தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல்தானே, செய்தி வந்துசேர நாள் எடுக்கும். எழுதட்டும், ஊதா லைட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இடப்பக்கச் சிக்னலைப் போடு பார்ப்போம் என்று கேட்கிற பொலிஸ்காரரை றோட்டில் காண்பது, உவர்மலையில் பனி கொட்டுவதைக் காண்பதுபோல.

2025 ஜனவரியில் அரசாங்கத்தின் ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் வந்தது. பொலிஸார் பஸ்களையும் ஓட்டோக்களையும் மறித்து, மேலதிகமாகப் பூட்டிய அலங்காரங்களைக் கழற்றச் சொன்னார்கள். சங்கங்கள் கொதித்தன, பத்திரிகைகள் எழுதின, பிறகு தவணை பற்றிய பேச்சு வந்தது. அந்தக் கூத்தில் எது அலங்காரம், எது உயிர் காக்கும் உறுப்பு என்ற கேள்வியை உரத்துக் கேட்டவர்கள் குறைவு. குஞ்சத்தைக் கழற்றினால் நாடு சுத்தமாகிவிடும் என்பது ஒரு கொள்கை. கழற்றுவது சுலபம், படம் எடுக்கலாம். சரியான ரிலே பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதைப் படம் எடுக்க முடியாது.

மீன்காரரை எடுங்கள். விடியப்புறம் கடற்கரையில் மீன் ஏற்றி, பின் சீட்டில் பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போகிறவர். கம்பனி பூட்டிய பின் சிக்னலைப் பெட்டி மறைத்துவிடும். பெட்டியின் இரண்டு மூலையிலும் மஞ்சள் எல்.ஈ.டி. பூட்டி, சரியான ரிலேயும் போட்டால் அவருக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. அவர் பூட்டினால் அது மேலதிக அலங்காரம். பூட்டாவிட்டால் அவர் சிக்னல் காட்டாத குற்றவாளி. இரண்டுக்கும் நடுவில் அவர் வலக்கையை நீட்டுகிறார். ஒரு கையில் பைக், பின்னால் முப்பது நாற்பது கிலோ பனிக்கட்டியும் மீனும், எதிரே கட்டாக்காலி மாடு, கோட்டைப் பக்கம் போனால் மான். இவரும் மானும் ஒரே சட்டத்தின் கீழ்தான் றோட்டில் திரிகிறார்கள். மானுக்குத் தண்டம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இவ்வளவு நேரம் பழைய ரிலேயின் தகட்டைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டின் ஆட்சிக்குள்ளும் அதே தகடுதான் இருக்கிறது.

2025 மே 11, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், கொத்மலைப் பக்கம் கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடனே தகடு சூடானது. அனுதாபம் வந்தது, விசாரணை வந்தது, நட்டஈடு வந்தது, பாதுகாப்புப் பட்டி பற்றிய பேச்சு வந்தது. வரவேண்டியதுதான். அந்தச் சாவுகளில் ஒன்றையும் நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த நாட்டின் றோட்டுகளில் சாகிறார்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்துபோனவர்களும்தான் அதில் பெரும்பங்கு. அவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இங்கே ஒருவர், தம்பலகாமத்துப் பக்கம் ஒருவர், கிண்ணியா றோட்டில் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு வாட், இரண்டு வாட். அந்தச் சொட்டுக்கு இந்தத் தகடு சூடாகாது, வளையாது, அசையாது. ஒரே பள்ளத்தில், ஒரே நாளில், இருபது பேராய்ச் சேர்ந்து சாகத் தெரியாதது அவர்கள் செய்த பிழை.

மறுநாள் பத்திரிகையில் மூன்று வரி வரும்: மோட்டார் சைக்கிள் கட்டுப்பாட்டை இழந்தது. எப்போதும் இழப்பது மோட்டார் சைக்கிள்தான். சீட்டைக் கழற்றி ரிலேயைப் பார்த்தவர் எவரும் இல்லை. திரும்ப முயன்றவர் சிக்னல் போட்டாரா, போட்டது மின்னியதா, மின்னியது நாலு பக்கமுமா என்று கேட்டவர் எவரும் இல்லை. பூட்டிக் கொடுத்த கராஜ் செத்தவீட்டுக்கு ஒரு வெள்ளைக்கொடி கட்டும். லைட்டை இறக்குமதி செய்தவர் அடுத்த கொள்கலனுக்கு ஓடர் கொடுப்பார். வரி எடுத்தவர்களுக்கு எடுத்த கணக்கு சரியாக இருக்கும்.

அதிகாரத்தில் இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, உங்களிடம் நான் கோபுரம் கட்டித் தரச்சொல்லிக் கேட்கவில்லை. புகை அளக்கிற இடத்தில் எங்கள் பைக் வருஷத்துக்கொரு முறை நிற்கத்தானே போகிறது. அதே இடத்தில் ஸ்விச்சை இடத்துக்கும் வலத்துக்கும் ஒருதடவை தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். மின்னாவிட்டால் கடதாசி கொடுக்காதீர்கள். சுமை பார்க்கிற ரிலேயையும் சுமை பார்க்காத ரிலேயையும், எது எதென்று பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதாமல் விற்கவிடாதீர்கள். இதற்கு ஆணைக்குழு தேவையில்லை, சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதியும் தேவையில்லை.

அவர்கள் செய்யும்வரைக்கும் காத்திருக்கிறவர் காத்திருக்கட்டும். நீங்கள் இன்றைக்கு இருட்டினதும் உங்கள் பைக்கைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, வலப்பக்கச் சிக்னலைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு இடப்பக்கத்தையும் எண்ணுங்கள். எண்ணிக்கை 60க்கும் 120க்கும் நடுவில் வரவில்லை என்றால், அல்லது மற்றப் பக்கமும் சேர்ந்து மின்னினால், ரிலேயையும் வயரையும் சரிசெய்யும்வரை அந்த பைக்கை எங்கள் பிள்ளைகள் ரியூஷனுக்குப் போகிற றோட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.